ஒரு ஸ்டேஷன் நன்றாக வேலை செய்கிறது என்று எதை வைத்துச் சொல்வது?

செம்மண்காடு:

மூன்று மாதமாக மனதில் கிடக்கும் கேள்வி. இங்கே போலீஸ், கோர்ட், கணக்கு தெரிந்தவர்கள் நிறையப் பேர் இருக்கிறீர்கள், அதனால் கேட்கிறேன்.

சந்தை நாளன்று டவுன் பஸ்ஸில் வரும்போது அம்மாவின் கைப்பையிலிருந்து போனை எடுத்துவிட்டார்கள். வாங்கி ஆறு மாதம்கூட ஆகவில்லை, 14,000 ரூபாய். அம்மா ஓய்வுபெற்ற அங்கன்வாடி பணியாளர், எதையும் ஒழுங்காக எழுதித்தான் பழக்கம். பஸ் நம்பர், ஏறிய நிறுத்தம், பக்கத்தில் நெருக்கிக்கொண்டு நின்ற இரண்டு பெண்கள், 'கைப்பையின் ஜிப்பைத் திறந்து எடுத்துவிட்டார்கள்' என்ற வரி, எல்லாம் சேர்த்து ஒன்றரைப் பக்கம் எழுதி எடுத்துக்கொண்டு போனோம். ஸ்டேஷன் எழுத்தர் முழுதாகப் படித்தார். மரியாதையாகத்தான் பேசினார், அதைச் சொல்லிவிட வேண்டும். "அம்மா, திருடிட்டாங்கன்னு எழுதினா எஃப்.ஐ.ஆர்., கோர்ட்டுன்னு நீங்கதான் அலையணும். தவறவிட்டுட்டேன்னு எழுதிக் குடுங்க, ரசீது இப்பவே போட்டுத் தரேன், ஐ.எம்.இ.ஐ. பிளாக் பண்ணிக்கலாம்" என்றார். கையிலிருந்த சிவப்புப் பேனாவால் அந்த ஜிப் வரியின் மேல் ஒரு கோடு இழுத்துவிட்டு, வேறொரு வெள்ளைத்தாளை நீட்டினார். அம்மா என் முகத்தைப் பார்த்தார். "எழுதிக் குடுத்துடும்மா, நேரமாகுது" என்று சொன்னது நான்தான். அது இன்னும் உறுத்துகிறது.

போன மாதம் உள்ளூர் செய்தியில், எங்கள் ஸ்டேஷன் எல்லையில் திருட்டு குறைந்திருக்கிறது என்று வந்தது. படித்ததும் முதலில் அம்மாவின் போன்தான் ஞாபகம் வந்தது. அந்தக் கணக்கில் அது இல்லை. யாரும் பொய்க்கணக்கு எழுதவும் இல்லை, 'தவறவிட்டேன்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டது எங்கள் அம்மாதான்.

இந்த ஸ்டேஷனைத் திட்டுவதற்காக இந்த இழையைத் தொடங்கவில்லை. பள்ளிக்கூடம் என்றால் தேர்ச்சி பார்க்கிறோம், ஆஸ்பத்திரி என்றால் பிரசவத்தில் தாய் சேய் நலம் பார்க்கிறோம். ஸ்டேஷனுக்கு எதைப் பார்ப்பது? குற்றம் குறைந்ததா என்று பார்த்தால் இப்படி ஆகிறது. வேறு எதைப் பார்க்கலாம்?

ஓய்வு எழுத்தர்:

தம்பி, நான் போலீசில் எஸ்.எஸ்.ஐ.யாக, அதாவது சிறப்பு எஸ்.ஐ.யாக, ஓய்வு பெற்றவன். அதில் பதினோரு வருடம் எழுத்தர் வேலை. உங்கள் அம்மாவிடம் பேசிய மாதிரி நானும் எத்தனையோ பேரிடம் பேசியிருக்கிறேன், மறைக்க விரும்பவில்லை. ஏன் அப்படிப் பேசுகிறோம் என்று உள்ளே இருந்து சொல்கிறேன்.

மாதம் ஒரு தடவை கிரைம் மீட்டிங். இன்ஸ்பெக்டர் ஃபைலைத் தூக்கிக்கொண்டு போவார், அந்த ஃபைலை முதல் நாள் ராத்திரி உட்கார்ந்து தயார் செய்வது எழுத்தர். அதில் என்ன கட்டம் இருக்கிறதோ அதுதான் அந்த மாதம் எங்கள் உயிர். வழிப்பறி, கன்னக்களவு, சாதாரணத் திருட்டு ஒவ்வொன்றுக்கும் போன வருடம் இதே மாதம் எத்தனை, இப்போது எத்தனை. கண்டுபிடித்தது எத்தனை சதவீதம், மீட்டது எத்தனை சதவீதம். யு.ஐ., அதாவது புலன்விசாரணையில் நிலுவை, எத்தனை. நிறைவேற்றாத பிடியாணை எத்தனை. பெட்டி கேஸ் என்கிற சில்லறைக் கேஸ், குடிபோதை வண்டி கேஸ், ஹெல்மெட் கேஸ் எத்தனை. 107, 110 என்று நாங்கள் சொல்லிப் பழகிய நன்னடத்தைப் பிணை கேஸ் எத்தனை, இப்போது புதுச் சட்டத்தில் அது 126, 129. ஸ்டேஷனுக்கு வந்தவர்கள் திருப்தியாகப் போனார்களா என்று ஒரு கட்டமும் நான் பார்த்ததில்லை.

உங்கள் அம்மா போனுக்கு எஃப்.ஐ.ஆர். போட்டால் என்ன ஆகும்? திருட்டுக் கட்டத்தில் ஒன்று கூடும். கண்டுபிடிக்காவிட்டால் சதவீதம் இறங்கும். யு.ஐ.யில் ஒன்று நிற்கும். எஃப்.ஐ.ஆர். மாஜிஸ்திரேட்டுக்குப் போக வேண்டும், பஸ்ஸில் நடந்ததற்கு, சாட்சி முன்னால் இடத்தைப் பார்த்து எழுதும் பார்வை மகஜர், மாதிரி வரைபடம், சாட்சி வாக்குமூலம், எல்லாம் ஒரு எஸ்.ஐ. தலையில். அவர் அன்றைக்கு அமைச்சர் வருகை பந்தோபஸ்தில் இருப்பார். 'தவறவிட்டேன்' என்று எழுதினால் இத்தனையும் இல்லை. எழுத்தர் கெட்டவராக இருக்க வேண்டிய அவசியமே இல்லை, கட்டம் அப்படி இருக்கிறது.

நகைக்கும் இதே கதைதான். எட்டு பவுன் போயிருக்கும். "பில் இருக்கா, நல்லா யோசிச்சுச் சொல்லுங்க" என்று கேட்டுக் கேட்டு அஞ்சு பவுன் ஆகிவிடும். பிறகு நாலு பவுன் மீட்டால் 80 சதவீதம். எட்டில் நாலு என்றால் பாதிதானே. இன்னொன்று, ஒரு பழைய திருடன் சிக்கினால் கண்டுபிடிக்காமல் கிடக்கும் பழைய கேஸ்களில் பத்துப் பன்னிரண்டு அவன் வாக்குமூலத்தில் ஏறும். கண்டுபிடிப்பு சதவீதம் ஒரே நாளில் மேலே போகும். நாலைந்து வருடம் கழித்து கோர்ட்டில் எல்லாம் விடுதலையாகும்போது அந்த இன்ஸ்பெக்டர் வேறு மாவட்டத்தில் டி.எஸ்.பி.யாக இருப்பார்.

கோர்ட் வாசல்:

ஐயா வெளிப்படையாக எழுதியதற்கு நன்றி. நான் வழக்கறிஞர், சட்டம் என்ன சொல்கிறது என்பதை மட்டும் சேர்க்கிறேன், ஏனென்றால் அளவுகோல் என்று ஒன்று வைத்தால் அது சட்டத்தில் இருக்கும் கடமையிலிருந்துதான் தொடங்க வேண்டும் என்பது என் கருத்து.

லலிதா குமாரி வழக்கில் 2013 நவம்பர் 12 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு சொன்னது: வாரண்ட் இல்லாமல் கைது செய்யத்தக்க குற்றம் என்று புகாரைப் படித்தாலே தெரிந்தால் எஃப்.ஐ.ஆர். போட்டே ஆக வேண்டும். புகார் உண்மையா என்று பிறகு விசாரித்துக்கொள்ளலாம். குடும்பப் பிரச்சனை, வியாபாரத் தகராறு, மருத்துவ அலட்சியம், ஊழல், ரொம்ப நாள் கழித்து வந்த புகார் போன்ற சிலவற்றில் மட்டும் முதலில் விசாரணை வைத்துக்கொள்ளலாம். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பி.என்.எஸ்.எஸ். என்ற புதுக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 173வது பிரிவில், மூன்று வருடத்திலிருந்து ஏழு வருடத்துக்குள் தண்டனை உள்ள குற்றங்களுக்கு டி.எஸ்.பி. அனுமதியோடு 14 நாள் முதற்கட்ட விசாரணை என்று ஒரு வழி திறந்திருக்கிறார்கள். ஆனால் அதற்கும் 'தவறவிட்டேன்' என்று மாற்றி எழுத வைப்பதற்கும் சம்பந்தமே இல்லை.

இன்னொன்று, பலருக்குத் தெரியாதது. சி.எஸ்.ஆர். என்று நம் ஊரில் கொடுக்கும் மனு ரசீது பி.என்.எஸ்.எஸ்.ஸில் எங்கும் இல்லை. அது நம் மாநில நடைமுறை. ரசீது கையில் இருந்தால் கேஸ் போட்டாகிவிட்டது என்று நினைத்துக்கொண்டு ஒரு வருடம் கழித்து என்னிடம் வருகிறவர்கள் உண்டு. அப்புறம், திருடுபோன பொருள் 5,000 ரூபாய்க்குக் கீழ் என்றால் புதுச் சட்டப்படி அது மாஜிஸ்திரேட் உத்தரவு இல்லாமல் போலீஸ் விசாரிக்க முடியாத குற்றம். அதனால் போனின் மதிப்பைக் குறைத்து எழுதச் சொன்னாலும் கவனமாக இருங்கள். அம்மாவின் போன் 14,000, பில்லைப் பத்திரமாக வையுங்கள்.

குற்றப்பத்திரிகை சதவீதத்தைப் பெருமையாகச் சொல்வார்கள், அதையும் நம்ப வேண்டாம். எதையாவது தாக்கல் செய்துவிட்டால் அதில் ஏறிவிடும். நான் பார்க்கும் குற்றப்பத்திரிகைகளில் மகஜர் சாட்சி இரண்டு பேருக்கும் அன்றைக்கு அந்த இடத்தில் என்ன வேலை என்று கேட்டால் பதில் இருக்காது. குறுக்கு விசாரணையில் பத்து நிமிடத்தில் கேஸ் போய்விடும். குஜராத் அரசு எதிர் கிஷன்பாய் வழக்கில் 2014 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் எல்லா மாநிலத்துக்கும் ஒரு உத்தரவு போட்டது. விடுதலையில் முடியும் ஒவ்வொரு வழக்கையும் போலீஸ், அரசு வழக்கறிஞர் துறை மூத்த அதிகாரிகள் கொண்ட குழு படித்துப் பார்த்து, எங்கே தவறு, யார் பொறுப்பு என்று முடிவு செய்ய வேண்டும், அதைப் பயிற்சியிலும் சேர்க்க வேண்டும். தண்டனை சதவீதத்தைவிட அந்தக் குழுவின் குறிப்பு எனக்குப் பெரிது. சாட்சி பிறழ்ந்ததால் விடுதலையா, புலன்விசாரணை சொதப்பியதால் விடுதலையா என்பது தீர்ப்பிலேயே எழுதியிருக்கும், அதை யாராவது எடுத்துக் கூட்டினால் போதும்.

கணக்குப்பிள்ளை:

என் வேலை புள்ளிவிவரம். சுருக்கமாகச் சொல்லப் பார்க்கிறேன், முடியாமல் போகலாம்.

தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் வருடா வருடம் போடும் அறிக்கை 1953லிருந்து வருகிறது. அதில் எண்ணப்படுவது ஊரில் நடந்த குற்றம் இல்லை, ஸ்டேஷனில் பதிவான எஃப்.ஐ.ஆர். அதிலும் ஒரு எஃப்.ஐ.ஆரில் நாலு குற்றம் இருந்தால் பெரிய குற்றம் ஒன்றைத்தான் எண்ணுவார்கள். கொள்ளையடித்துக் கொலையும் செய்தால் அது கொலைக் கணக்கில் மட்டும்தான். குற்றம் கூடுவது வேறு, பதிவு கூடுவது வேறு, இரண்டையும் குழப்பாதீர்கள் என்று அந்த அறிக்கையிலேயே எச்சரிக்கை உண்டு. கேரளா வருடா வருடம் குற்ற விகிதத்தில் மேல்வரிசையில் நிற்கும். கேரளாவில் ராத்திரி நடக்க முடியாதா என்ன? அங்கே மக்கள் புகார் கொடுக்கிறார்கள், ஸ்டேஷனில் பதிகிறார்கள்.

இங்கிலாந்தில் நடந்ததைச் சொல்கிறேன், நமக்கு நேரடியாகப் பொருந்தும். அங்கே குற்றம் குறைகிறது என்று போலீஸ் கணக்கு காட்டிக்கொண்டே வந்தது. 2014 ஜனவரியில் அந்த நாட்டின் புள்ளியியல் ஆணையம், போலீஸ் பதிவுக் கணக்குக்குக் கொடுத்திருந்த தேசியப் புள்ளிவிவரம் என்ற தகுதியையே திரும்ப எடுத்துக்கொண்டது. அதே வருடம் நவம்பரில் போலீஸ் வேலையை ஆய்வு செய்யும் தனி அமைப்பு சோதித்துப் பார்த்ததில், போலீசுக்கு வந்து சேர்ந்த குற்றங்களில் 19 சதவீதம் பதிவே ஆகவில்லை, வருடத்துக்கு எட்டு லட்சத்துக்கு மேல். பாலியல் குற்றங்களில் 26 சதவீதம். இதைக் கண்டுபிடிக்க முடிந்ததற்கு ஒரு காரணம், 1982லிருந்து அங்கே வீடு வீடாகப் போய் 'போன வருடத்தில் உங்களுக்கு என்ன நடந்தது' என்று கேட்கும் கணக்கெடுப்பு தனியாக ஓடுகிறது. போலீஸ் எழுதாத கணக்கு ஒன்று பக்கத்தில் இருந்ததால்தான் போலீஸ் எழுதிய கணக்கின் ஓட்டை தெரிந்தது.

ஸ்டேஷன் மட்டத்துக்கு வந்தால் இன்னும் இரண்டு சிக்கல். எண்ணிக்கை சின்னது. போன வருடம் இரண்டு கொலை, இந்த வருடம் நாலு என்றால் நூறு சதவீதம் உயர்வு என்று செய்தி வரும், அதில் ஒரு அர்த்தமும் இல்லை. அடுத்தது, எதால் வகுப்பது? பழனியில் தைப்பூசத்துக்கு வரும் கூட்டத்தில் போகும் போனை அங்கே குடியிருக்கும் மக்கள்தொகையால் வகுத்தால் பழனிக்காரர்கள் எல்லாம் திருடர்கள் மாதிரி இருக்கும். பஸ் ஸ்டாண்டு உள்ள ஸ்டேஷனைப் பஸ் ஸ்டாண்டு உள்ள ஸ்டேஷனோடு ஒப்பிட வேண்டும், தோட்டக்காட்டு ஸ்டேஷனோடு ஒப்பிடக் கூடாது.

ஆர்.எஸ்.புரம் பையன்:

அப்படி ஒரு தரவரிசை ஏற்கெனவே இருக்கிறதே. மத்திய உள்துறை ஒவ்வொரு வருடமும் நாட்டின் சிறந்த ஸ்டேஷன்களை அறிவிக்கிறது. 2018 ஜனவரியில் எங்கள் கோவை ஆர்.எஸ்.புரம் ஸ்டேஷன்தான் நாட்டிலேயே முதலிடம். 2020இல் சேலம் சூரமங்கலம் அனைத்து மகளிர் காவல் நிலையத்துக்கு இரண்டாம் இடம். அதில் மக்களிடமும் கேட்கிறார்கள்.

கணக்குப்பிள்ளை:

ஆமாம், அது நல்ல தொடக்கம்தான், நான் குறைத்துப் பேசவில்லை. 2020இல் 16,671 ஸ்டேஷனிலிருந்து பொறுக்கியிருக்கிறார்கள். ஆனால் பொறுக்கும் முதல் கட்டம் எதை வைத்து? சொத்துக் குற்றம், பெண்களுக்கு எதிரான குற்றம், நலிந்த பிரிவினருக்கு எதிரான குற்றம், காணாமல் போனவர்கள், இதெல்லாம் ஸ்டேஷனே எழுதிய கணக்கு. கடைசிச் சுற்றில் கட்டடம், வசதி, அணுகுமுறை என்று 19 அளவுகோல். மக்கள் கருத்துக்கு 20 சதவீத மதிப்பெண், தேர்வான ஒவ்வொரு இடத்திலும் 60 பேர்.

அந்த 60 பேர் யார் என்பதுதான் என் கேள்வி. தெருவில் போகிற 60 பேரைக் கேட்டால் பெரும்பாலானவர்கள் ஸ்டேஷன் படியே மிதித்திருக்க மாட்டார்கள். 'நல்லாத்தான் இருக்குங்க' என்பார்கள். போன வருடம் மனுவோடு உள்ளே போய் வெளியே வந்த 60 பேரைக் கேட்க வேண்டும்.

தறிச்சத்தம்:

மனுவோடு உள்ளே போய் வந்தவள் நான். சொல்கிறேன்.

எங்கள் ஊர் மகளிர் ஸ்டேஷனுக்கு மூன்று தடவை போனேன். முதல் தடவை கன்னத்தில் வீக்கத்தோடு. மூன்று தடவையும் இரண்டு பேரையும் எதிரெதிரே உட்கார வைத்துப் பேசினார்கள். "புள்ளைங்க மூஞ்சியப் பாரும்மா" என்றார்கள். அவர் 'இனிமேல் அடிக்க மாட்டேன்' என்று எழுதிக் கொடுத்தார், நான் 'சமாதானமாகப் போகிறேன், மேல்நடவடிக்கை வேண்டாம்' என்று எழுதிக் கொடுத்தேன். என் எழுத்து கோணல் கோணலாகப் போனதால் பக்கத்தில் இருந்த பெண் காவலர் வரி வரியாகச் சொல்லச் சொல்ல எழுதினேன். அந்தத் தாளோடு என் மனு முடிந்தது. கணக்கில் நான் 'சமரசம்', அதுவும் மூன்று தடவை, ஒரு குடும்பத்தையே மூன்று தடவை சேர்த்து வைத்திருக்கிறார்கள்.

மகளிர் ஸ்டேஷனே வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். 1992இல் சென்னை ஆயிரம் விளக்கில் முதல் ஸ்டேஷன் வந்தபோது என் அத்தை மாதிரி ஆட்களுக்கு ஆண் போலீஸ் முன்னால் நின்று பேச வாயே வராது. இன்றைக்கு நான் தனியாகப் போய்ப் பேசினேன் என்றால் அது அந்த ஸ்டேஷன் இருப்பதால்தான். ஆனால் சமரசம் ஆன மனுவை முடித்துவைத்த மனுவாக எண்ணாதீர்கள். ஆறு மாதம் கழித்து அந்தப் பெண்ணுக்கு, அவள் தனியாக இருக்கும் நேரத்தில், வேறு ஆபீசிலிருந்து ஒரு போன் போடுங்கள். 'மறுபடி கை வைத்தாரா?' இந்த ஒரே கேள்வி. அதற்கு வரும் பதில்தான் அந்த ஸ்டேஷனின் மார்க்.

செம்மண்காடு:

அக்கா, உங்கள் பதிவை அம்மாவிடம் படித்துக் காட்டினேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "எனக்குப் போன்தான், அந்தப் பொண்ணுக்கு உசுரு" என்றார்.

ஓய்வு எழுத்தர் ஐயாவிடம் ஒரு கேள்வி. அப்படியானால் எஃப்.ஐ.ஆர். எண்ணிக்கை கூடினால் நல்ல மார்க் என்று மாற்றிவிட்டால் சரியாகுமா?

ஓய்வு எழுத்தர்:

ஆகாது தம்பி. எஃப்.ஐ.ஆர். கூட வேண்டும் என்று மேலே இருந்து சொன்னால், மாதக் கடைசியில் டீக்கடை வாசலில் நிற்கும் நாலு பையன்கள் மேல் பெட்டி கேஸ் ஏறும். கூலிக்குப் போகிறவன் கோர்ட்டில் ஒருநாள் சம்பளத்தைத் தொலைப்பான். மனுவுக்கு எத்தனை கேஸ் போட்டாய் என்று விகிதம் பார்த்தால், ரசீதே கொடுக்காமல் மனுவை வாங்கி டிராயரில் வைத்துவிடுவார்கள். கேஸ் போட்ட பிறகும் வழி உண்டு, 'மிஸ்டேக் ஆஃப் ஃபேக்ட்', அதாவது புகாரே தவறான புரிதல், சுருக்கமாக எம்.எஃப். என்று எழுதி முடித்துவிடலாம், கேஸை முடித்துவிட்டோம் என்று புகார்தாரருக்கு ஆர்.சி.எஸ். நோட்டீஸ் ஒன்று போகும், படித்தாலும் பாதிப் பேருக்குப் புரியாது. எந்த எண்ணைக் கேட்டாலும் அந்த எண்ணைத் தயார் செய்து தரத் தெரிந்தவன்தான் எழுத்தர்.

எல்லாவற்றிலும் ஆபத்தானது மீட்பு. இத்தனை நாளைக்குள் நகை வந்தாக வேண்டும் என்று நெருக்கினால் அது எங்கே போய் முடியும் என்று 2025 ஜூனில் பார்த்தோம். திருப்புவனம் பக்கம் மடப்புரம் கோவிலில் காவலாளியாக இருந்த 27 வயசுப் பையன். காரில் இருந்த நகை காணோம் என்று ஒரு புகார். தனிப்படை கூட்டிக்கொண்டு போனது, உயிரோடு திரும்பவில்லை. காவலர்கள் கைதானார்கள், வழக்கு சி.பி.ஐ.க்குப் போனது. நான் இந்தச் சட்டையை முப்பது வருடத்துக்கு மேல் போட்டவன், அந்தச் செய்தி வந்த அன்று எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. மீட்பு சதவீதத்தை ஒரு ஸ்டேஷனின் மார்க்காக வைக்கவே கூடாது. வைத்தால் யாராவது ஒரு ஏழைப் பையன் முதுகில்தான் அது எழுதப்படும்.

கணக்குப்பிள்ளை:

ஐயா சொன்ன அந்த வரி, 'எந்த எண்ணைக் கேட்டாலும் தயார் செய்யலாம்', அதிலேயே விடை இருக்கிறது என்று நினைக்கிறேன். ஸ்டேஷன் கை படாத எண்ணாகப் பார்த்து எடுக்க வேண்டும். அப்படி எதுவும் இல்லை என்று நினைக்காதீர்கள், நம் ஊரிலேயே சிதறிக் கிடக்கிறது.

அடிதடி என்றால் அரசு ஆஸ்பத்திரிக்குத்தான் முதலில் போவார்கள். அங்கே விபத்துப் பதிவேட்டில், ஏ.ஆர். என்பார்களே, டாக்டர் கையால் எழுதுகிறார்: 'தெரிந்த இரண்டு பேர் கட்டையால் அடித்ததாகக் கூறுகிறார்.' ஸ்டேஷனுக்கும் தகவல் போகும். மாதத்துக்கு எத்தனை அடிதடி ஏ.ஆர்., அதில் எத்தனைக்கு எஃப்.ஐ.ஆர்.? இரண்டையும் பக்கத்தில் வைத்தால் போதும். ஏ.ஆர். எண்ணிக்கையை எழுத்தர் மாற்ற முடியாது.

போனுக்கு, காணாமல் போன போனை முடக்க 2023இல் நாடு முழுக்க வந்த சி.இ.ஐ.ஆர். என்ற அரசுத் தளத்தில் எத்தனை பேர் பிளாக் கேட்டார்கள் என்பது தனியாகப் பதிவாகிறது. அதை ஸ்டேஷன் திருட்டுக் கணக்கோடு வைத்துப் பாருங்கள். ஒரு ஊரில் நூற்றுக்கணக்கான பேர் போனைத் 'தவறவிட்டு', ஒருவர்கூடத் திருட்டுக் கொடுக்கவில்லை என்றால், விளக்கம் கேட்க வேண்டிய இடம் அது.

அப்புறம் புதன்கிழமை எஸ்.பி. ஆபீஸ் மனு நாள். அங்கே வரிசையில் நிற்பவர்களில் எந்த ஸ்டேஷன் எல்லையிலிருந்து எத்தனை பேர்? ஸ்டேஷனில் வேலை நடந்திருந்தால் அவர் பஸ் ஏறி மாவட்டத் தலைநகருக்கு வந்திருக்க மாட்டார். ரசீது கிடைக்காதவர்கூட இந்தக் கணக்கில் வந்துவிடுவார், அதுதான் இதன் பலம்.

காக்கி வீடு:

என் கணவர் முதல்நிலைக் காவலர். இந்த இழையை நேற்று ராத்திரி முழுக்கப் படித்தேன். யாரும் போலீசை வெறுப்போடு எழுதவில்லை, அதனால் நானும் எழுதுகிறேன்.

2021இல் வாரவிடுமுறைக்கு அரசாணை வந்தபோது வீட்டில் கேசரி கிண்டினோம். சில வாரம் கிடைக்கிறது, திருவிழா, தேர்தல், தலைவர்கள் வருகை என்றால் அந்த வாரம் போய்விடும். எங்கள் பெண்ணுக்கு அப்பா ஞாயிற்றுக்கிழமை வீட்டில் இருப்பார் என்று சொல்லவே பயமாக இருக்கும். ராத்திரி பீட் முடித்து இரண்டு மணிக்கு வந்தவர் காலையில் ஏழு மணிக்கு ரோல்காலில் நிற்கிறார், பத்து மணிக்குக் கோர்ட் டூட்டி. அன்றைக்குச் சாயங்காலம் ஒருவர் மனுவோடு வந்தால் அவர் எந்த முகத்தோடு பேசுவார்? ஸ்டேஷனுக்கு மார்க் போடுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் அந்த ஸ்டேஷனுக்கு ஒதுக்கியது எத்தனை பேர், அதில் உண்மையில் ஸ்டேஷன் வேலை பார்ப்பது எத்தனை பேர், வெளி டூட்டிக்குப் போனது எத்தனை பேர், வாரவிடுமுறை எத்தனை நாள் கிடைத்தது, இதையும் பக்கத்தில் எழுதுங்கள். ஆளே இல்லாத ஸ்டேஷனையும் ஆள் நிறைந்த ஸ்டேஷனையும் ஒரே தராசில் நிறுத்தாதீர்கள்.

கோர்ட் வாசல்:

அம்மா சொல்வது நூறு சதவீதம் நியாயம். பிரகாஷ் சிங் வழக்கில் 2006இலேயே உச்ச நீதிமன்றம் சட்டம் ஒழுங்கு வேலையையும் புலன்விசாரணையையும் தனித்தனி ஆட்களிடம் பிரித்துக் கொடுக்கச் சொன்னது. பெரும்பாலான ஊர்களில் பந்தோபஸ்தில் நிற்கும் அதே எஸ்.ஐ.தான் இன்னும் கேஸ் டைரியும் எழுதுகிறார். எத்தனை பேர் புலன்விசாரணைக்கு மட்டும் இருக்கிறார்கள் என்பதும் கேட்க வேண்டிய எண்தான்.

செம்மண்காடு:

ஒரு வாரமாக எல்லோர் பதிவையும் வைத்து ஒரு தகவல் உரிமை மனு எழுதினேன். எங்கள் ஸ்டேஷன் மட்டும், போன பன்னிரண்டு மாதம், மாத வாரியாக. கேட்டிருப்பது இது: கொடுத்த சி.எஸ்.ஆர். ரசீது எத்தனை, அதில் எஃப்.ஐ.ஆர். ஆனது எத்தனை, சமரசம் என்று முடித்தது எத்தனை. போட்ட எஃப்.ஐ.ஆரில் எம்.எஃப். என்று முடித்தது எத்தனை, ஆர்.சி.எஸ். நோட்டீஸ் புகார்தாரர் கையில் சேர்ந்தது எத்தனை. 90 நாளுக்குள் விசாரணை எந்த அளவில் இருக்கிறது என்று புகார்தாரருக்குச் சொல்ல வேண்டும் என்று பி.என்.எஸ்.எஸ். 193வது பிரிவு சொல்கிறதாமே, அப்படிச் சொன்னது எத்தனை பேருக்கு. ஒதுக்கிய பணியிடம், நிரப்பியது, வெளி டூட்டி, வாரவிடுமுறை. இது ஒரு மனு. அரசு ஆஸ்பத்திரிக்கு இரண்டாவது மனு, அதே எல்லையிலிருந்து வந்த அடிதடி ஏ.ஆர். எண்ணிக்கை, பெயர் விவரம் எதுவும் வேண்டாம், வெறும் எண் போதும். எஸ்.பி. ஆபீசுக்கு மூன்றாவது, மனு நாளில் வந்தவர்கள் ஸ்டேஷன் வாரியாக. ஒவ்வொன்றுக்கும் பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப்.

ஓய்வு எழுத்தர்:

'தகவல் தொகுத்து வைக்கப்படவில்லை' என்று பதில் வரும், இப்போதே சொல்கிறேன். அதனால் 'எத்தனை' என்று கேட்பதோடு, சி.எஸ்.ஆர். பதிவேட்டையும் எஃப்.ஐ.ஆர். இன்டெக்ஸையும் நேரில் பார்வையிட அனுமதி வேண்டும் என்று ஒரு வரி சேர்த்துக்கொள்ளுங்கள். சட்டத்தில் பார்வையிடும் உரிமை இருக்கிறது. புகார்தாரர் பெயரை மறைத்துக் காட்டுங்கள் என்றும் நீங்களே எழுதிவிடுங்கள், அதைச் சொல்லித் தட்டிக்கழிக்க முடியாது. பதிவேட்டில் எந்தப் பக்கத்தில் என்ன இருக்கும் என்று தெரியாவிட்டால் எனக்குத் தனிச்செய்தி அனுப்புங்கள்.

தறிச்சத்தம்:

மகளிர் ஸ்டேஷனுக்கும் இதே மாதிரி ஒரு மனு எழுதித் தருவீர்களா தம்பி? சமரசம் ஆன மனுவில் அதே பெண் ஒரு வருடத்துக்குள் மறுபடி வந்தது எத்தனை என்று கேட்க வேண்டும். ஸ்டாம்ப் நானே வாங்கிக்கொள்கிறேன்.

செம்மண்காடு:

எழுதி அனுப்பிவிட்டேன் அக்கா. ஐயா சொன்ன பார்வையிடும் வரியையும் சேர்த்திருக்கிறேன்.

இன்னொரு விஷயம். கோர்ட் வாசல் சாரிடம் கேட்டுக்கொண்டு, 173வது பிரிவின் நாலாவது உட்பிரிவுப்படி எஸ்.பி.க்குத் தபாலில் அனுப்ப அம்மா புகாரை மறுபடி எழுதினார். நான் டைப் அடித்துத் தருகிறேன் என்றேன், வேண்டாம் என்றுவிட்டார். பஸ் நம்பர், நிறுத்தம், பக்கத்தில் நின்ற இரண்டு பெண்கள், எல்லாம் அப்படியே. ஜிப் வரியையும் எழுதினார். அதற்குக் கீழே ஒரு வரி புதிதாக: 'முன்பு கொடுத்த மனுவில் தவறவிட்டதாக எழுதியது என் சொந்த வார்த்தை அல்ல.' போன் பில்லின் நகலும், சிவப்புக் கோடு போட்ட அந்தப் பழைய தாளின் நகலும் கூட வைத்திருக்கிறோம். அந்தத் தாளை அம்மா இத்தனை நாளும் ரேஷன் கார்டு கவருக்குள் வைத்திருந்தது எனக்கே தெரியாது. இன்று காலை ஸ்பீட் போஸ்டில் போட்டோம். சேர்ந்ததற்கான விவரம் வந்ததும் இங்கே போடுகிறேன்.